டிரைபாட் மாமா லென்ஸ் பார்த்த கதை

சென்னையில் பறவைப் படம் எடுத்துத் திரிகிறவர்களில் பாதிப் பேருக்கு எந்த லென்ஸ் வாங்குவது என்று சொல்லிக்கொடுத்தவர் டிரைபாட் மாமா. மீதிப் பாதிப் பேர் அவரைக் கேட்காமல் வாங்கிவிட்டு, அப்புறம் அவரிடமே வந்து புலம்பியவர்கள். ஊருக்கெல்லாம் லென்ஸ் பார்த்துக் கொடுத்த அந்த மனிதரிடம் ஒரு லென்ஸ்கூடக் கிடையாது.

மயிலாப்பூரில் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய அபார்ட்மென்ட். மூன்றாவது மாடியில் அவர் வீட்டு வாசலும் என் வீட்டு வாசலும் நேருக்கு நேர். இரண்டு கதவும் திறந்திருந்தால், என் சமையலறையில் நின்றபடியே அவர் வீட்டுப் பால்கனியில் என்ன துணி காய்கிறது என்று சொல்லிவிடலாம். நான் குடிவந்த மறுநாள் காலையில் மாமா கழுத்தில் ஒரு துணிப்பையைத் தொங்கவிட்டுக்கொண்டு மாடிப்படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார். ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்து, என்ன மாமா என்று கேட்டேன்.

"துவரம்பருப்பு. ரெண்டு கிலோ. நூத்தம்பது-அறுநூறு லென்ஸும் கிட்டத்தட்ட இதே வெயிட்டு. கழுத்து தாங்கறதான்னு பாக்கறேன்."

"தாங்குதா?"

"அரை மணி தாங்கறது. அதுக்கப்புறம் பறவை வந்தா என்ன பண்றதுன்னுதான் யோசனை."

உள்ளேயிருந்து லலிதா மாமியின் குரல் வந்தது. "சாம்பாருக்குப் பருப்பு இல்லை. அந்த அறுநூறைக் கழட்டிக் குடுத்துட்டு யோசிங்கோ."

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. தூரத்துப் பறவையைக் கிட்டத்தில் இழுத்துக் காட்டுகிற நீளமான குழாய்தான் இந்த லென்ஸ். முந்நூறு, நானூறு, அறுநூறு என்று எண் ஏற ஏறப் பறவை பக்கத்தில் வரும், எடை கூடும், பர்ஸ் இளைக்கும். இதில் எதை எடுப்பது என்று குழம்பாத மனிதர் கிடையாது. ஆனால் மாமாவின் குழப்பம் தனி ரகம். அவர் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு போல்ட்-நட்டு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். எதைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாலும் அதில் ஒரு குறை கண்டுபிடிப்பதற்காகவே அவருக்குச் சம்பளம் கொடுத்திருந்தார்கள். சம்பளம் நின்ற பிறகும் பழக்கம் நிற்கவில்லை.

ஓய்வு பெற்ற கையோடு பறவைப் படம் எடுப்பது என்று முடிவெடுத்து, முதலில் கேமராவை நிறுத்துகிற மூன்று கால் டிரைபாட் ஒன்று வாங்கினார். கேமரா பழசு ஒன்று வீட்டில் இருந்தது. அப்புறம் பை, மழைக்கு உறை, காட்டில் ஒளிந்துகொள்ள வசதியாகப் பச்சையும் பழுப்புமாக ஒரு சட்டை, அதற்குப் பொருத்தமாகத் தொப்பி. லென்ஸ் ஒன்றுதான் பாக்கி. மாமி என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ பஜ்ஜி ஆறறதுக்குள்ள சரின்னுட்டார். இந்தக் குழாய்க்கு வருஷக்கணக்கா ஜாதகம் பாத்துண்டிருக்கார்."

ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு ஒரு கூட்டமாகப் போவோம். அந்தக் கூட்டத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. கையில் இருக்கிற லென்ஸின் எண்தான் பெயர். 'நூறு-நானூறு இன்னிக்கு வரல, அவர் மாமியாருக்கு உடம்பு சரியில்ல' என்று சர்வசாதாரணமாகப் பேசிக்கொள்வார்கள். நான் 'எழுபது-முந்நூறு'. மாமாவிடம் எண் எதுவும் இல்லாததால் டிரைபாட் மாமா ஆனார்.

வெளிச்சம் நன்றாக விழுகிற இடமாகப் பார்த்து டிரைபாடை ஊன்றுவார். அதன் தலையில் ஒன்றும் இருக்காது. மொட்டை டிரைபாடுக்குப் பக்கத்தில் கைகட்டி நிற்பார். கை வலிக்கிறவர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் லென்ஸை அதன்மேல் ஏற்றிப் படம் எடுப்பார்கள். எடுத்ததும் மாமா திரையில் பறவையின் கண்ணைப் பெரிசாக்கிப் பார்ப்பார். "மூக்குல ஷார்ப். கண்ணுல இல்லை. அழி," என்பார். இரண்டு விநாடிக்கு மேல் எந்தப் படத்தையும் அவர் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

சிந்தாதிரிப்பேட்டையில் லென்ஸ் வாடகைக்கு விடும் பாய் ஒருவர் உண்டு. பூமாதேவிக்குப் பக்கத்துச் சீட்டில் உட்காரவைக்கிற அளவுக்குப் பொறுமைசாலி. மாமா அவரிடம் ஒரு நாளைக்கு ஒரு லென்ஸ் எடுத்து வருவார், சோதிப்பார், குறைகளோடு திருப்பிக் கொடுப்பார். ஒருமுறை, பறக்கிற பறவையை விடாமல் பிடிக்குமா என்று பார்க்க அதைத் தூக்கிக்கொண்டு தி.நகர் நடைமேம்பாலத்துக்குப் போய்விட்டார். தீபாவளிக் கூட்டம். தலையில் பிளாஸ்டிக் வாளிகளை அடுக்கி எடுத்துப் போன ஒருவரைக் குறிவைத்து, பாலத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை குழாயைத் திருப்பிக்கொண்டே போயிருக்கிறார். கான்ஸ்டபிள் வந்து பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார், யாரைப் படம் புடிச்சிக்கினு கீறே?"

"யாரையும் இல்லை. பறவைக்காக டெஸ்ட் பண்றேன்."

"பறவை எங்க கீது?"

"பள்ளிக்கரணைல."

நான்தான் போய் அழைத்து வந்தேன். ஆட்டோவில் வெகுநேரம் பேசாமல் வந்தார். பாவம், மனசு கஷ்டப்பட்டுவிட்டது போல என்று நினைத்தேன். மந்தைவெளி தாண்டியதும் வாயைத் திறந்தார். "வாளிக்காரனை நன்னாத்தான் பிடிச்சுது. கான்ஸ்டபிள் கிட்ட வந்தப்போதான் கொஞ்சம் தடுமாறித்து."

இந்தக் கூத்தெல்லாம் சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது, எதிர் காம்பவுண்டு விலைபோகிற வரைக்கும். அங்கே ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது. அதன் பொந்தில் இரண்டு புள்ளி ஆந்தைகள். ஆந்தையைப் பார்த்தால் ஆகாது என்று தெருவே சொல்லும். மாமி மட்டும் தினமும் விடிந்ததும் காப்பியோடு பால்கனியில் நின்று அதுகளோடு பேசுவாள். பெண்ணைக் கட்டிக்கொடுத்தாயிற்று. மாமாவோ காதில் ஒயரை மாட்டிக்கொண்டு லென்ஸ் வீடியோவில் மூழ்கியிருப்பார். "அதுகளாவது என் மூஞ்சியைப் பாத்துண்டு உக்காந்திருக்கு," என்று மாமி ஒருநாள் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தை பிறந்ததும் மரத்தை வெட்டிவிட்டுப் பூமி பூஜை என்று எதிர் காம்பவுண்டு வாட்ச்மேன் சொன்னது மார்கழி பிறந்த சமயம். மாமி இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் மாமா பக்கத்தில் இருக்கும்போதே என்னிடம் சொன்னாள். "அதுகள் போறதுக்குள்ள ஜோடியா ஒரு படம் எடுத்து மாட்டிக்கணும்னு ஆசை. வேறொண்ணும் வேண்டாம் எனக்கு."

"நான் எடுத்துத் தரேன் மாமி," என்றேன்.

மாமி தலையை ஆட்டினாள். "இவர் எடுக்கட்டும்," என்றாள் மெதுவாக.

அன்று ராத்திரியே மாமா முடிவெடுத்தார். வருஷக்கணக்காக எடுக்காத முடிவு. இருநூறு-அறுநூறு. காலையில் என் கதவைத் தட்டி அதைச் சொன்னார். சொல்லி முடித்த உடனே முகம் மாறியது. "ஆனா இது மார்கழி. புதுசா ஒண்ணும் வாங்கப்படாது. தை ஒண்ணாந்தேதி வாங்கிடறேன்."

"மாமா, தை பிறந்தால் மரம் இருக்காதே."

மாமா என்னைப் பார்த்தார், எதிர் காம்பவுண்டைப் பார்த்தார். "மார்கழின்னுதான் இடத்தை வாங்கினவனும் மரத்தை வெட்டாம இருக்கான்," என்றார். "ரெண்டு பேரும் ஒரே பஞ்சாங்கத்தைன்னா பாத்துண்டிருக்கோம்."

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் பாய்தான். "வாங்கத்தானே கூடாது? வாடகைக்கு எடு சார். லென்ஸு என்னுது, மார்கழி உன்னுது. ரெண்டுத்துக்கும் இன்னா சம்பந்தம்?" என்றார். மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அத்தோடு பதிவு செய்துவிட்டு வந்திருக்க வேண்டியதுதானே? இல்லை. வாடகைதானே, நூறு-நானூறும் போதுமோ என்று ஒரு புதுச் சந்தேகத்தைக் கிளப்பிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். மறுபடி பருப்புப் பை கழுத்தில் ஏறியது. மார்கழி என்றால் வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்குகிற காலம், ஊரில் இருக்கிற லென்ஸெல்லாம் வெளியே போய்விடும். மாமா தெளிந்து திரும்பிப் போனபோது இருநூறு-அறுநூறுக்கு ஒரே ஒரு நாள்தான் மிச்சமிருந்தது. மார்கழியின் கடைசி நாள். அவருடைய பழைய கேமராவில் அந்த லென்ஸ் பொருந்தாது என்பதால் பாய் ஒரு கேமராவையும் சேர்த்துக் கொடுத்தார். "இத்தையும் எடுத்துக்கினு போ சார். முந்தாநாள் எங்க ஆளுங்க நிக்காஹ்ல ஓடிச்சு. சூப்பரா கீது."

மார்கழியின் கடைசி நாள் என்னவென்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். போகி.

விடியும் முன்பே தெருவில் மேளம் தொடங்கிவிட்டது. கிழிந்த கோரைப்பாய், பழைய தலையணை, எவரோ எங்கிருந்தோ உருட்டி வந்த டயர் எல்லாம் எரிந்தன. விடிந்து பார்த்தால் பால்கனிக்கு எதிரே ஒரு வெள்ளைப் போர்வை. மரமும் இல்லை, காம்பவுண்டும் இல்லை, தெருவே இல்லை. பச்சைச் சட்டையும் தொப்பியுமாக மாமா நின்றார். டிரைபாடின் தலையில் முதல் தடவையாக, சோதிப்பதற்கு இல்லாமல் படம் எடுப்பதற்கென்றே அவர் கொண்டுவந்த லென்ஸ் ஏறியிருந்தது. அது புகையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கதவுகள் திறந்திருந்ததால் என் வீட்டிலிருந்தே எல்லாம் தெரிந்தது.

"ஒண்ணும் தெரியலைடி லலிதா," என்றார். "நாளைக்குத் தை."

மாமி காப்பி டம்ளரைப் பிடித்துக்கொண்டு பால்கனிக் கதவோரம் நின்றாள். அப்போதுதான் புகைக்குள்ளிருந்து அந்த இரண்டும் வந்தன. மூச்சு முட்டி மரத்தை விட்டுப் பறந்தவை, பால்கனியில் துணி காயப்போடுகிற கம்பியில் வந்து ஒட்டி உட்கார்ந்துகொண்டன. மாமாவின் மூக்குக்கு நேரே. கை நீட்டினால் தொடலாம்.

லென்ஸ் கர் கர் என்று முன்னும் பின்னும் போயிற்று. பிடிக்கவில்லை. இந்தக் குழாய்களுக்கு ஒரு குணம் உண்டு. தூரத்தில் இருப்பது எல்லாம் தெரியும், பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் ஒன்றும் தெரியாது. மாமா டிரைபாடைத் தூக்கிக்கொண்டு மூச்சுவிடாமல் பின்வாங்கினார். ஹாலுக்கு வந்தார். இரண்டு ஆந்தையும் படத்தில் முழுசாக விழவில்லை போலிருக்கிறது. வாசற்படிக்கு வந்தார். அங்கேயும் நிற்கவில்லை.

"வழி விடும்மா," என்று முதுகைக் காட்டியபடியே என்னிடம் கிசுகிசுத்தார். "பின்னால வரேன்."

என் ஹாலைக் கடந்து என் சமையலறைக்குள் வந்து, டிரைபாடின் ஒரு காலை இட்லிப் பானைக்குப் பக்கத்தில் ஊன்றி, இரண்டு வீட்டையும் ஊடுருவிக் குறிபார்த்தார். கம்பியில் ஆந்தைகள். கொஞ்சம் முன்னால், படத்தின் ஓரத்தில், மாமி. அசைந்தால் அதுகள் பறந்துவிடும் என்று டம்ளரோடு சிலையாக நின்றாள். அதுகளையே பார்த்துக்கொண்டு நின்றவள், மெல்ல முகத்தைத் திருப்பி, எடுத்தாயிற்றா என்று கேட்பதுபோல் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். மாமா அழுத்தினார், அழுத்திக்கொண்டே இருந்தார். கீழே மேளம் ஓங்கி ஒலித்தது. இரண்டும் பறந்துவிட்டன.

திரையைப் பார்த்தோம். வழக்கம்போல் மாமா ஆந்தையின் கண்ணைப் பெரிசாக்கினார். கண்ணே இல்லை. இரண்டு பழுப்புத் திட்டுகள். அடுத்த படம், அதற்கடுத்தது, எல்லாம் அப்படியே. ஆனால் மாமி இருந்தாள். காதோரத்து நரை ஒவ்வொரு இழையாகத் தெரிந்தது. புகையில் சிவந்து நீர் கோத்த கண், கலைந்த குங்குமம், அந்தச் சிரிப்பு. நிக்காஹ்வுக்குப் போய்க் கல்யாண முகங்களைப் பிடித்து வந்த கேமரா அல்லவா? எங்கே மனித முகம் இருந்தாலும் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும்படி யாரோ அதைச் செட் பண்ணி வைத்திருந்தார்கள். ஊரிலுள்ள ஒவ்வொரு லென்ஸின் திருகாணியும் தெரிந்த மாமா, அந்தக் கேமராவில் என்ன செட் பண்ணியிருக்கிறது என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

மாமி டம்ளரோடு ஓடி வந்தாள். "விழுந்துதா?"

மாமா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மாமிக்குப் பயம் வந்துவிட்டது. "ஏன்னா, ஒண்ணும் விழலையா?"

"நீ விழுந்திருக்கே," என்றார் மாமா.

மாமி எட்டிப் பார்த்தாள். "ஐயையோ, தலைகூட வாரிக்கலையே. அதுகள் எங்கே?"

"பின்னாடி."

"நன்னா இருக்கு போங்கோ. அழிச்சுடுங்கோ அதை."

"மாட்டேன்," என்றார்.

தை பிறந்தது, மரம் விழுந்தது. அன்று முழுக்க மாமி பால்கனிக் கதவைத் திறக்கவில்லை. மாமாவும் காதில் ஒயரை மாட்டவில்லை. இருவரும் ஹாலில் உட்கார்ந்து பழைய கதைகளைப் பேசிக்கொண்டிருந்தது என் வீடு வரை கேட்டது. அந்த லென்ஸையே சகாய விலைக்குத் தருவதாகப் பாய் போன் செய்தபோது, இப்போதைக்கு வேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டார்.

பிறகு எங்கள் கட்டடத்தையும் இடிக்கக் கொடுத்துவிட்டார்கள். மாமாவும் மாமியும் இப்போது பெருங்குடியில் இருக்கிறார்கள். ஹாலில் அந்தப் படம் ஆளுயரத்துக்குத் தொங்குகிறது. வருகிறவர்களெல்லாம் ஆந்தை எங்கே என்று கேட்கிறார்களாம், மாமிக்கு வெட்கம் பிடுங்கித் தின்கிறது. மாமா விரலை வைத்து இரண்டு திட்டுகளையும் காட்டிவிட்டு, மாமியைப் பற்றி ஆரம்பித்துவிடுகிறாராம். எதிர் வாசல் இல்லாத வீட்டில் குடியிருக்க எனக்கு இன்னும் பழகவில்லை.

போன வாரம் மாமா போன் செய்தார். "பால்கனிலேர்ந்தே பள்ளிக்கரணைப் பூநாரை தெரியறது. லென்ஸை எடுத்துண்டு உடனே வா." அவசரமாகக் கிளம்பினேன். பாதி வழியில்தான் கேமராவை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. ஆட்டோக்காரர் திருப்பவா என்று கேட்டார். வேண்டாம், நேரே போங்கள் என்றேன். நான் என்ன, பூநாரையைப் பார்க்கவா போகிறேன்?