மாமனார் முதுகில் ஆகாயக் கப்பல்

பெண் பார்க்க வருகிறவர்கள் சொன்ன நேரத்துக்கு முன்னால் வரக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டால், பாதிக் குடும்பங்களின் மானம் தப்பும்.

வார நாள்களில் பெங்களூருக்கு ரயிலேறிப் போய்க் கணினியைத் தட்டுகிற சாதுப் பெண் நான். ஞாயிறு வந்தால் எங்கள் ஹாலில் முதல் உலகப் போரே நடக்கும். (தூரிகையால்தான்.) பழைய போர் விமானங்களை வரைவதில் எனக்கு அப்படியொரு பித்து. அந்த வாரம் ஓர் ஆகாயக் கப்பல்: வாயு நிரப்பிய நீண்ட வயிறு, அடியில் வீரர்கள் நிற்கச் சின்னக் கூடு. எண்ணெய் வண்ணம் லேசில் காயாது என்பதால், ஜன்னல் காற்றுக்குச் சோபாவின் மேல் சாய்த்து வைத்திருந்தேன்.

சாயங்காலம் வருவதாகச் சொன்னவர்கள் மத்தியானமே எங்கள் ஊர் கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்கிவிட்டார்கள். வெளியே மழை இருட்டு, கரண்ட் வேறு இல்லை. நான் புடவை கட்டிக்கொண்டு காபித் தட்டோடு வந்தால், மாப்பிள்ளையின் அப்பா அந்தச் சோபாவில், என் படத்தின் மேலேயே சுகமாகச் சாய்ந்திருக்கிறார். அதுவும் வெள்ளைச் சட்டையில்!

மனிதர் எழுந்திருக்காமலே இருந்துவிட்டால் நல்லது என்று வேண்டிக்கொண்டேன். (எத்தனை வருஷத்துக்கு என்று யோசிக்கவில்லை.)

"படம்லாம் வரைவியாமே, இன்னாம்மா வரைவே?" என்றார் அவர் மனைவி.

"பூவுதாங்க. ரோஜாப்பூ," என்று முந்திக்கொண்டாள் அம்மா.

"சரி, ஜெபம் பண்ணிட்டுப் பேசலாம்," என்று மாப்பிள்ளையின் அப்பா எழுந்து, சுவரிலிருந்த இயேசு படத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார். எல்லோரும் கண்ணை மூடினோம். கரண்ட் வந்தது. மாப்பிள்ளை எட்வின் மட்டும் கண்ணைத் திறந்திருக்கிறார்.

"அப்பா, உம் முதுகுல இன்னாவோ கீது. கத்திரிக்கா மாரி..."

ஆமென் சொல்லக்கூட நான் காத்திருக்கவில்லை. "கத்திரிக்கா இல்லீங்க! ஆகாயக் கப்பல்! மேலருந்து குண்டு போடும்!" என்று கத்திவிட்டேன். அதோடு விட்டேனா? காபித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் முதுகையே கரும்பலகையாக்கி, இது வால், இது கூடு என்று விளக்கினேன்.

அம்மா ஓடிவந்து மண்ணெண்ணெயால் துடைத்தாள். கப்பல் கலைந்து மழைமேகமாகப் பரவியது. கடைசியில் என் ஒல்லி அப்பாவின் சட்டையை மாட்டிக்கொண்டு, மேல் பொத்தானைப் போட முடியாமல் அவர் ரயிலேறினார்.

"ரோஜாப்பூன்னு சொன்னேனேடி, பாவி! இனி எவன் வருவான்?" என்று அம்மா படுத்துவிட்டாள். கத்திரிக்காய் என்று சொன்னால்தான் என்ன, பேசாமல் இருந்திருக்கலாமே என்று நானும் என்னையே திட்டிக்கொண்டேன். எட்வினை எனக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் எட்வினின் அம்மா போன் செய்தார். "கறை போவவே மாட்டேங்குது. வரைஞ்சவளே வந்து இன்னான்னு பாக்கட்டும். எப்ப வரட்டும், தேதி குறிக்க?"

கல்யாணமாகிப் பல வருஷம் ஆயிற்று. இன்றும் எங்கள் வீட்டுக்கு வருகிற என் மாமியார் வீட்டு உறவுகள் நின்றபடியே குனிந்து, சோபாவை ஒரு விரலால் தொட்டுப் பார்க்கிறார்கள். காய்ந்திருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் உட்காருகிறார்கள்.