பன்னெண்டு வார்த்தையும் ஒரு டின் தேங்காண்ணெயும்

"வார்த்தையச் சொல்லுங்க ஐயா, லேட்டாகுது"ன்னு காசப் பெருக்கித் தர்ற அட்வைசர்னு ஒருத்தன் கடைப் போன்ல அவசரப்படுத்துறான். பதுளை பஜார்ல பலசரக்குக் கடை வச்சிருக்கிற கிருஷ்ணராஜ், கையில ஊதுவத்தியோட நிக்கிறாரு.

"இருங்க தம்பி, வெள்ளிக்கெழமை. சாமிக்குக் காட்டிட்டு வந்துர்றேன்."

விசயம் என்னான்னா, மனுசன் பொண்டாட்டி ஜெயமலரோட வளையல வித்து, அவளுக்குத் தெரியாம பிட்கொயின் வாங்கிட்டாரு. "பொலிஷ் போடக் குடுத்திருக்கேன்"னு ஒரு வருசமா ஒரே பொய். ஞாயித்துக்கெழமை தெமோதரையில அவ தம்பிக்குக் கல்யாணம். வளையல் வேணுமாம். அந்த நேரம் பாத்து இந்த அட்வைசர், "ஒங்க பன்னெண்டு ரகசிய வார்த்தையச் சொல்லுங்க, நாளைக்கே காசு ரெண்டு மடங்கு"ன்னு வந்து நிக்கிறான்.

அந்த வார்த்தைங்கதான் காசுக்குச் சாவி. கண்டதெல்லாம் கல்லாப் பொட்டியில கெடக்கக் கூடாதுன்னு, எழுதின தாளக் கற்பூரத்தோட கொளுத்திட்டாரு. தெனம் காலையில சாமி படத்துக்கு முன்னால சொல்லிச் சொல்லியே பாடம்.

அந்தக் கடையே ஒரு மாதிரிங்க. 'இல்ல'ங்கிற பேச்சே கெடையாது. சீனி தீந்தாலும் "சீனி நெறைஞ்சிருக்கு, நாளைக்கு வாங்க"ம்பாரு. வெளக்க அணைன்னு சொன்னா கோவம் வந்துரும். "குளிர வை"ன்னுதான் சொல்லணும்.

கும்பிட்டு முடிச்சு, கடகடன்னு பன்னெண்டையும் அவன்கிட்ட ஒப்பிச்சாரு. அவன் பட்டுன்னு வச்சிட்டான்.

பக்கத்து போன் கடை ஷிப்னா சீனி வாங்க வந்தவ, அப்படியே நின்னுட்டா.

"அங்கிள்! அத யாருக்குச் சொன்னீங்க? அவன் கள்ளன்!"

"அட்வைசரும்மா. கோட்டு போட்ட படமெல்லாம் இருக்கு."

"இந்நேரம் காச எடுத்திருப்பான்!"

"எப்படி எடுப்பான்? காசு இந்தக் கைப்போனுக்குள்ளதானே இருக்கு!"ன்னவரு, கள்ளன் உள்ள பூந்துரக் கூடாதுன்னு அந்தக் கைப்போனத் தேங்காண்ணெய் டின்னுல முக்கிட்டாரு. பொளக்குன்னு அடியில போயிருச்சு.

"ஐயோ அங்கிள்! போன் செத்தாலும், அந்த வார்த்தை தெரிஞ்சா எந்தப் போன்லயும் காச எடுக்கலாம்!"

"அடக் கடவுளே, ஜெயமலரு வளையல் போச்சே!"

அவரு போட்ட கூப்பாட்டுல, உள்ள பருப்பு பொடைச்சிக்கிட்டு இருந்த ஜெயமலரு மொறத்தோட வந்து நிக்கிறா.

"எந்த வளையலு?"ன்னு அவ மொறத்த ஓங்குனதும், வளையல வித்ததையும் பிட்கொயின் வாங்குனதையும் மனுசன் ஒளறிட்டாரு.

அந்த நேரம் கடைப் போன் அடிச்சிச்சு. அதே கள்ளன். "என்னா ஐயா வெளையாடுறீங்களா? நீங்க சொன்ன வார்த்தைக்குத் தொறக்குதே இல்ல!"

கிருஷ்ணராஜுக்கு உசுரு திரும்பிருச்சு.

"எப்படிடா தொறக்கும்? அதுல பேய், தரித்திரம்னு அர்த்தம் வர்ற பீடை புடிச்ச இங்கிலீசு வார்த்தையெல்லாம் கெடந்திச்சு. கடையில நின்னு அதச் சொல்லுவேனா? மொத நாளே அதையெல்லாம் நல்ல வார்த்தையா மாத்தித்தான் பாடம் பண்ணினேன். சாமிகிட்டயே ஒரு வருசமா அப்படித்தான்டா சொல்றேன்!"

போன டொக்குன்னு வச்சாரு.

"அப்ப என் வளையல் காசு பத்திரமாங்க?"ன்னு ஜெயமலரு மொறத்தக் கீழ எறக்குனா.

"பத்திரம்! புருசன் யாருன்னு நெனைச்ச?" கால் மேல கால் போட்டு ஒக்காந்தாரு. "ஷிப்னா, ஒங்கடையில இருந்து புதுப் போன் ஒண்ணு எடுத்து வாம்மா. இப்பவே காச எடுப்போம்."

ஷிப்னா ஓடிப் போயி கொண்டு வந்து, போன்ல தட்ட வெரல வச்சுக்கிட்டு நிமிந்து பாத்தா.

"சரி அங்கிள், இப்ப அந்தப் பீடை புடிச்ச வார்த்தையெல்லாம் ஒண்ணொண்ணாச் சொல்லுங்க."