ஊர் முழுக்கப் போன ஒரே பயணம்

நீங்கள் கந்தளாய்க்குச் சொந்தக் காரில் போயிருக்கிறீர்களா? கார் இல்லையா? பரவாயில்லை. பஸ்தியாம்பிள்ளை மாஸ்டரிடம் இங்கிலீசு படிக்கச் சேருங்கள், போய்விடலாம்.

மாதிரிப் பந்தி மாஸ்டர் என்றோர் இனம் உண்டு. வெள்ளைக்காரன் கப்பலேறிய பின்னும் இந்த நாட்டில் செழித்து வளர்வது இது ஒன்றுதான். சட்டைப் பையில் சிவப்பு மைப் பேனை இருக்கும். நீல மைப் பேனை இராது, சொந்தமாக எதையும் எழுதும் பழக்கமில்லை. வாயில் "சோதனைக்கு இது போதும்." நெஞ்சில் ஒரேயொரு இங்கிலீசுப் பந்தி, பத்து வரிக் கதை; பிள்ளைகள் எல்லாரும் அதையே மனப்பாடம் செய்து எழுதவேண்டும்.

திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகும் வீதிக்குப் பின்னால், தகரக் கொட்டகையொன்றில் நம் மாஸ்டர் இறந்தகாலத்தில் கதை எழுதப் பழக்குகிறார். கதை இதுதான்: போன ஞாயிற்றுக்கிழமை அப்பா காரை எடுத்தார், வேலைக்காரி சாண்ட்விச் கட்டித் தந்தாள், கப்பல்துறை தாண்டியதும் ஒரு யானை வீதியைக் கடந்தது, கந்தளாய்க் குளக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம், களைப்போடும் களிப்போடும் வீடு திரும்பினோம். வலை இழுப்பவர் பிள்ளை, மூட்டை சுமப்பவர் பிள்ளை, சைக்கிளுக்கு ரயர் மாற்ற வழியில்லாதவர் பிள்ளை, எல்லாரும் அதே காரில் நெருக்கியடித்துக்கொண்டு ஏறினார்கள். யானைக்கும் ஓய்வில்லை.

அந்தக் காரில் ஏற மறுத்தவள் இரத்தினேஸ்வரி. குடாவுக்கு அக்கரையில் உள்ள கட்டைபறிச்சான் ஊர்க்காரி. தாய் பூரணம் பட்டினத்தில் ஒரு பெரிய வீட்டில் சமைக்கிறாள். துறைமுக அலுவலகத்தில் எழுத்து வேலை கிடைத்தால் தாயை அந்தக் குசினியிலிருந்து வெளியே கொண்டுவந்துவிடலாம். மகளின் கணக்கு அவ்வளவுதான். அவள் நடந்ததை எழுதினாள். ஊருக்குப் போகும்போது கொட்டியாரக் குடாவின் நடுவில், ஆளேற்றிப் போகும் லோஞ்சிப் படகின் எஞ்சின் நின்றுவிட்டது. எல்லாரும் அவரவர் கடவுளைக் கூப்பிட்டார்கள். கரைக்கு இழுத்துப் போனது ஒரு மீன்பிடி வள்ளம்.

மாஸ்டர் மேலிருந்து கீழே சிவப்பாக ஒரு கோடு இழுத்தார். மறுநாள் பூரணம் வந்து நின்றாள்.

"மாஸ்டர், இவள் எழுதினதில என்ன பிழை?"

"பிழை ஒண்டுமில்லை, பூரணம். ஆனா சோதனைக்கு ஏலாது."

"நடந்ததைத்தானே எழுதினவள்? நானும் அதிலதான் இருந்தனான்."

"நடந்ததெல்லாம் இங்கிலீசில எழுத ஏலுமே? மகளுக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

வேலை வேண்டும். ஏழைக்கு இறந்தகாலமும் இரவல்தான் என்று மகள் பல்லைக் கடித்துக்கொண்டு யானையை மனப்பாடம் செய்தாள்.

துறைமுக அலுவலக நேர்முகப் பரீட்சையில் இங்கிலீசில் ஒரு பந்தி எழுதச் சொன்னார்கள். வந்திருந்தவர்களில் பாதிப்பேர் மாஸ்டரின் பிள்ளைகள். தாள்களைப் புரட்டிய அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரத்தினேஸ்வரியின் முறை வந்ததும் கேட்டார்:

"உங்கள் வேலைக்காரியின் பெயர் என்ன?"

மாதிரிப் பந்தியில் வேலைக்காரிக்குப் பெயர் கிடையாது. அவளுக்குத் தெரிந்த வேலைக்காரி ஒருத்திதான்.

"பூரணம்."

"இப்போது எங்கே இருக்கிறாள்?"

"வெளியே, வேப்பமரத்துக்குக் கீழே."

"இங்கே எதற்கு வந்தாள்?"

"என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் என் அம்மா."

அதிகாரி யன்னலால் எட்டிப் பார்த்தார். மரத்தடியில் பூரணம் சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தாள். அவர் யானையை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, வெறுந்தாள் ஒன்றை நீட்டினார். "ஏதாவது ஒரு ஞாயிறு நீங்கள் இருவரும் உண்மையில் என்ன செய்தீர்கள்? அதை எழுதுங்கள்."

தாளில் லோஞ்சி மறுபடி நடுக்கடலில் நின்றது. இரத்தினேஸ்வரிக்கு வேலை கிடைத்தது. அந்த மாதமே பூரணம் பெரிய வீட்டுக் குசினிச் சாவியைத் திருப்பிக் கொடுத்தாள்.

மாஸ்டர் வெட்கப்பட்டிருப்பார் என்று நினைக்கிறீர்களா? உங்களுக்கு இந்த இனத்தைத் தெரியாது. யானையைக் கைவிட்டார். சோதனைக்கு இனி எது போதும் என்று தெரிந்துவிட்டதே! அடுத்த வகுப்பில் எல்லாரும் லோஞ்சியில் ஏறினார்கள். எல்லாருடைய அம்மாவும் பூரணம். எல்லாப் பூரணமும் பெரிய வீட்டில் சமைத்தாள். ஒரு வாரத்தில் புடவைக்கடை ஜெமீல் முதலாளி மகளின் கொப்பியோடு வந்து நின்றார்.

"மாஸ்டர், என்ட பொஞ்சாதிக்குப் பேர் ஸல்ஹா. அவவ எப்ப பூரணமாக்கினீங்க? எந்த ஊட்டுல சமைக்க உட்டீங்க?"

"கோவிக்காதேங்கோ முதலாளி. சோதனைக்கு..."

"சோதனைக்கு உங்கட பொஞ்சாதிய அனுப்புங்களன்!"

சிரிக்கிறீர்கள். சிரித்து முடித்துவிட்டுச் சொல்லுங்கள்: பிள்ளை வாய் திறந்ததும் "அப்படிச் சொல்லக்கூடாது, இப்படிச் சொல்லு" என்று நீங்கள் குறுக்கே விழுந்ததில்லையா? வீட்டுக்கு வந்த மனிதர் முன் மனைவி தொடங்கிய கதையைப் பிடுங்கி நீங்களே முடித்ததில்லையா? பஸ்தியாம்பிள்ளையாவது அதற்குச் சம்பளம் வாங்குகிறார்.

அந்தச் சண்டையில் ஒன்று எல்லாருக்கும் மறந்துபோயிற்று. ஜெமீலின் மகளிடம் அவளுடைய ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போனது என்று மாஸ்டரும் கேட்கவில்லை, தகப்பனும் கேட்கவில்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருத்தி இருப்பாள். எழுந்து போய் அவளிடம் கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை தயவுசெய்து திருத்தாதீர்கள்.