பால்மாப் பேணியில் இருந்த கரித்தூள்

உமையாள்புரம்,
கிளிநொச்சி.

அன்பு மகள் லக்சிகாவுக்குப் பெரியப்பா அப்புத்துரை எழுதிக்கொள்வது. ஆண்டவன் கிருபையால் இங்கு கிணற்றுத் தண்ணீரைத் தவிர எல்லோரும் சுகம். அங்கு கம்பஸில் உன் சுகமும் உன் ஆராய்ச்சியின் சுகமும் அறிய ஆசை. போனில் சொல்லலாம் என்று இரண்டு தரம் எடுத்து, உன் குரலைக் கேட்டதும் மழையைப் பற்றிக் கதைத்துவிட்டு வைத்துவிட்டேன். ஆகையால் இந்தக் கடிதம்.

நீ கிணற்றடியில் பூட்டிவைத்த பெட்டிக்குள் இருக்கும் பழைய காபன் தகடுகள், நீ சொன்னபடியே களைத்துவிட்டன. முன்பு கரண்ட் கொடுத்தால் தண்ணீரில் உள்ள உப்பைப் பிடித்து வைத்திருக்கும், கம்பியை மாற்றிக் கொடுத்தால் கக்கும். இப்போது பிடிக்கவும் மனமில்லை, கக்கவும் மனமில்லை. தண்ணீர் திரும்பவும் உவர். இன்னும் நல்ல தகடு வார்க்கவென்று நீ தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு, நீராவி அடித்து, அமிலத்தில் கழுவி, எங்கள் குசினி அலுமாரியில் பால்மாப் பேணியில் வைத்துவிட்டுப் போன கரித்தூளைத்தான் எல்லோரும் நம்பியிருந்தோம். வருகிற மாதம் உன் பேராசிரியர்மார் பார்க்க வரும்போது புதுத் தகடு இல்லாவிட்டால் உன் படிப்பே நின்றுவிடும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

பக்கத்து வளவு வீரம்மா வந்து பெட்டிக்குள் என்ன என்று கேட்டா. கரி என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். உன் பெருமையை ஆரிடம் சொல்லுவது என்று அலைந்துகொண்டிருந்த மனுசன் நான், குசினியில் இருந்த பேணியை எடுத்துவந்து திறந்து காட்டி, "இது சும்மா கரி இல்லை, கண்ணுக்குத் தெரியாத பொந்து கோடிக்கணக்கில கிடக்கு, எதையும் இழுத்து எடுத்துப்போடும்" என்றேன். அவா விரலை விட்டுப் பார்த்து, "அப்ப வெத்தலக் கறையையும் இழுக்குமாங்க ஐயா?" எண்டு கேட்டா. பிள்ளையின்ர விஞ்ஞானத்தை நானே சந்தேகப்படலாமோ, இழுக்கும் எண்டு பல்லு விளக்க ஒரு கிள்ளு அள்ளியும் குடுத்தன். அடுத்த நாள் காலமை அவா சிரிச்ச சிரிப்பைப் பார்த்திட்டு உன்ர பெரியம்மா கமலாசனி, "எனக்கும் ஒரு சொட்டுத் தாங்கோ" எண்டா, பிறகு கோயில் திருவிழா வந்துது, கறைப் பல்லோட ஆரும் போகேலாதாம், முழு ஒழுங்கையும், வீட்டுக்கு ஒரு ஆளா, கிண்ணத்தோட வந்து நிண்டுது, நான் வேண்டாம் எண்டு சொல்ல வாயைத் திறக்க முன்னம் பெரியம்மா கரண்டியை எடுத்திட்டா, திறந்த வாயை வீணாக்காமல் நானும் விளக்கினன். இப்ப பேணியின்ர அடி தெரியுது, மகள்.

எனக்கு வெட்கமாக் கிடக்கு. நீ கையும் முகமும் கரியாகி, இருமி இருமிச் செய்த வேலை எங்கட வாய்க்குள்ள மினுங்குது. கண்ணாடி பார்க்கவே மனம் வருகுதில்லை. ஏசினாலும் பரவாயில்லை, வராமல் மட்டும் இருந்திடாதை. அடுப்பு ஊதச் சொன்னாலும் ஊதிறன்.

பிள்ளையார் உனக்கு நீண்ட ஆயுளையும், எங்களைப் பொறுக்கிற பொறுமையையும் தருவாராக.

இப்படிக்கு,
பல் மட்டும் வெளுத்த உன் பெரியப்பா,
அப்புத்துரை.

பி.கு.: கடிதத்தை ஒட்ட முன்னம் அயலுக்கு விசயத்தைச் சொன்னன். எல்லாரும் மனமிளகி மூட்டை மூட்டையாச் சிரட்டை கொண்டுவந்து இறக்கியிருக்கினம். எனக்குக் கண் கலங்கிப் போச்சு. "இனி எங்கட கிணறு எல்லாம் நல்ல தண்ணிதான்" எண்டன். வீரம்மா அவசரமா மறிச்சா: "ஐயோ, பாப்பாகிட்ட தண்ணியில கைய வைக்க வேணாம்னு எழுதுங்க ஐயா. கரி மட்டும் போதும். பல்ல வெளக்கிட்டு வாய் கொப்பளிக்க உப்புத்தண்ணிதான் நல்லாருக்கு."