திண்டிவனத்தில் செத்தவர்

"அண்ணே, உங்க ஊட்டு ஓனர் திண்டிவனத்துல செத்துட்டாரு."

திண்டிவனத்து நண்பன் புகழேந்தி போனில் இதைச் சொன்னதும் சகாயராஜ் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தான். விழுப்புரத்தில், தன் வீட்டு வாசலில், ஓனர் நடராசன் நாற்காலி போட்டு உட்கார்ந்து மல்லாட்டைக் கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். ஆள் குத்துக்கல்லாட்டம் இருந்தார்.

"இன்னா உளர்ற? இதோ கண்ணெதிர்ல உக்காந்துக்கினு இருக்காரு."

"இங்க பஸ் ஸ்டாண்டு பூரா கண்ணீர் அஞ்சலி போஸ்டர்ணே. நீங்க பண்ண படம்தான்."

சகாயராஜ் சுவரிலிருந்து பின்வாங்கிக் குரலைத் தாழ்த்தினான்.

எல்லாம் 'பிளந்த காலம்' என்ற தொடர் செய்த வேலை. அந்தக் கதையில் பூமிக்கு இரண்டு காலம். ஒன்றில் போரே நடக்கவில்லை. இன்னொன்றில் போர் மூண்டு ஊர் உலகமெல்லாம் சாம்பல். இரண்டிலும் ஒரே கமாண்டர்தான். அந்த ஆள் தலையிலிருந்து இரும்புத் தொப்பியைக் கழற்றவே மாட்டார். முகம் எப்படி இருக்கும் என்று ரசிகர்கள் வாட்ஸ்அப் குழுவில் மண்டையை உடைத்துக்கொண்டபோது, சகாயராஜ் ஓனரின் முகத்தை மீசையோடு எடுத்து அந்த உடம்பில் பொருத்தி அனுப்பினான். ஆகா, இவர்தான் என்றார்கள் எல்லாரும்.

போன வாரம் போர்க்காலத்துக் கமாண்டர் குண்டடிபட்டுச் செத்தார். விழுப்புரம் ரசிகர்கள் சகாயராஜ் வீட்டு மாடியில் கூடி, "அந்தக் காலத்துலதான் செத்தாரு, இந்தக் காலத்துல உசுரோட இருக்காரு" என்று தொண்டை வறளக் கத்தினார்கள். திண்டிவனத்து ரசிகர்கள், செத்தா செத்ததுதான் என்று ஒரே போடாகப் போட்டார்கள். ஓனர் மாடிப்படியோரம் உட்கார்ந்து தூங்கி வழிந்தார். சகாயராஜ் துக்கம் தாளாமல் அதே முகத்தை வைத்து ஒரு அஞ்சலிப் படம் செய்து குழுவில் போட்டான். சும்மா கிடந்திருக்கலாம். கை நிற்குமா?

"உங்க ஊர் ஆளுங்கதானே ஒட்டினது?"

"சத்தியமா நாங்க இல்லண்ணே!"

"வேற எவன் ஒட்டுவான்? பேஜாரு புடிச்சவனுங்களா!"

அவன் பயத்துக்குக் காரணம் உண்டு. மனைவி பிரபாவதிக்கு நிறைமாதம். இந்த வீடு கிடைக்க அவன் பட்ட பாடு நாய் படாது. "நீங்க எந்த ஆளுங்க?" என்று கேட்டுக் கேட்டுக் கதவைச் சாத்திய ஊரில், ஒன்றும் கேட்காமல் சாவியைக் கொடுத்தவர் நடராசன் ஒருவர்தான். முந்தாநாள்கூட இவன் போனை உரிமையோடு வாங்கி எதையோ நோண்டிக்கொண்டிருந்தார். உயிரோடு இருக்கிற மனுஷனுக்குச் சாவு போஸ்டர் செய்தவன் இவன் என்று தெரிந்தால், பிள்ளைத்தாச்சியோடு நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

திண்டிவனத்தில் இருப்பவன் ஓனரின் ஒரே மகன் ஜெகதீசன். அப்பனும் மகனும் ஏதோ வாய்த்தகராறில் முறைத்துக்கொண்டு பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது. ஓனருக்குத் தெரிவதற்குள் மகனிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று சகாயராஜ் ஜல்தியாக நம்பரைத் தேடிப் போட்டான்.

"அண்ணே, உங்கப்பா ஊட்டு மாடியில குடியிருக்கிற சகாயராஜ் பேசறேன். அப்பா சாகலைங்க. அவரு செத்தது வேற காலத்துலங்க. போருல."

அந்தப் பக்கம் அழுகை சட்டென்று நின்றது.

"போருலயா? எங்கப்பன் மேல கை வச்சவன் எவன்டா?"

"கை இல்லண்ணே, குண்டு. அதாவது கதையில..."

"குண்டா!"

போன் வைக்கப்பட்டது. கொஞ்ச நேரத்தில் புகழேந்தி கூப்பிட்டு, மாலையோடு கிளம்பின ஜெகதீசன் வேனில் இப்போது உருட்டுக்கட்டையும் ஏறிவிட்டது என்றான்.

சகாயராஜ் கீழே ஓடினான். "ஐயா, ஜெகதீசன் அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை பேசுங்களேன்."

"நான் எதுக்குடா பேசணும்? வேணும்னா அவன் வரட்டும்."

வேறு வழியில்லை. ஓனர் மல்லாட்டை தின்பதை நைசாக வீடியோ எடுத்து மகனுக்கு அனுப்பினான். மருமகள் கலைப்பிரியாவிடமிருந்து பதில் பறந்து வந்தது: "யாரை ஏமாத்தற? இது ஏஐ வீடியோ. கையப் பாரு, மூணு விரல்தான் இருக்கு. எங்க மாமாவுக்கு அஞ்சும் இருக்கு."

அதைப் படித்துவிட்டு சகாயராஜ் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். மல்லாட்டை உடைக்கிற மிஷினில் அவருக்கு விரல் போனது போன வருஷம். ரத்தம் சொட்டச் சொட்ட ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன் இவன்தான். திண்டிவனத்துக்கு யாரும் சொல்லவில்லை. அங்கிருந்து யாரும் கேட்கவும் இல்லை.

"அடப் பாவிங்களா" என்றான் வாய்விட்டு.

அதற்குள் வாசலில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. இரண்டு பேர் ஐஸ் பெட்டியை இறக்கினார்கள்.

"பெரியவரே, பாடி எங்க?" என்று ஓனரையே கேட்டான் ஒருவன்.

"ஓரமா வெச்சுட்டுப் போ" என்றார் ஓனர், மல்லாட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? சகாயராஜ் தடாலென்று காலில் விழுந்தான்.

"ஐயா, நீங்க செத்துட்டதா திண்டிவனம் பூரா போஸ்டர். அந்தப் படத்தைப் பண்ண பாவி நான்தான். அடிங்க, ஒதைங்க. ஊட்ட வுட்டு மட்டும் அனுப்பிடாதீங்க. அவளுக்கு நாள் நெருங்கிடுச்சு."

நடராசன் மடியிலிருந்த தொலியைத் தட்டிவிட்டார். துண்டை உதறித் தோளில் போட்டார். "எழுந்திர்றா. வேன் சத்தம் கேக்குது பாரு."

வேன் நிற்பதற்கு முன்பே ஜெகதீசன் கட்டையோடு குதித்தான். வாசலில் அப்பனைக் கண்டதும் கட்டை கையைவிட்டு விழுந்தது. "அப்பா!" என்று ஓடிவந்து முழங்காலைக் கட்டிக்கொண்டான். அப்புறம்தான் அந்தக் கையைப் பார்த்தான்.

"விரலு எங்கப்பா? எங்கப்பா விரலு? எங்கிட்ட ஏம்ப்பா சொல்லல?"

அவன் அழுத அழுகையில் தெருவே கூடிவிட்டது. பெரிய மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கலைப்பிரியாவும் நின்று தேம்பினாள். நடராசன் மிச்சமிருந்த விரல்களால் மகன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

திடீரென்று ஜெகதீசன் நிமிர்ந்தான். "போஸ்டர் ஒட்டினவன் எவன்டா?"

சகாயராஜ் மெல்ல ஐஸ் பெட்டிக்குப் பின்னால் நகர்ந்தான். நல்லவேளையாக நாற்காலிக்கடியில் ஓனரின் போன் அடித்தது. விட்டால் போதும் என்று அதை எடுத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி, "அலோ" என்றான்.

"ஐயா, திண்டிவனத்துலேர்ந்து போஸ்டர் ஒட்டற மண்ணாங்கட்டி பேசறேங்க. நீங்க அனுப்பின படத்த, நீங்க சொன்னாப்பல உங்க புள்ள ஊட்டு எதிர் செவுத்துலயே ஒட்டினேன், அத்த யாரோ கிழிச்சுட்டாங்க. அவரு இன்னும் வரலைன்னா சொல்லுங்க, இன்னொண்ணு ஒட்டிடறேன்."