சட்டையை மோந்த சித்தர்

கொட்டாஞ்சேனையில் ஒரு இரும்புக்கடையின் மேல்மாடியில் சட்டைச் சித்தர் எழுந்தருளியிருந்தார். படி முழுக்கச் சனம். கையில் பை, பைக்குள் ஊத்தைச் சட்டை. தோய்த்த சட்டை செல்லாது. நோயாளியின் வேர்வை வேண்டும். வெளிநாட்டிலிருந்துகூடப் பார்சலில் வருகிறதாம். சுங்கத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு விடுகிறார்களாம்!

சித்தரின் சாத்திரம் இதுதான்: உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு படை காவல் நிற்கிறது. கண்ணூறு பட்டால் அது படுத்துவிடும். அதனால்தான் நோய் வருத்தம் போய்ப் போய்த் திரும்பி வருகிறது. எத்தனை வீதம் படுத்திருக்கிறது என்பதைச் சித்தர் சட்டையின் அக்குளை மோந்தே சொல்லிவிடுவார். தட்டியெழுப்ப 'படையெழுப்பித் தேன்', மூன்று வேளையும்.

நேசமலருக்கு அந்த மூக்கில் அசையாத நம்பிக்கை. வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டையில் பஸ் மாறி வருவாள். கணவர் கனகசபாபதிக்கு முதுகில் கட்டி வந்தது. பாமசியில் வாங்கி விழுங்கிய குளிசையில் ஆறியது. பிறகு கழுத்தில் வந்தது. பிறகு சலக்கடுப்பு. இப்போது கால் பெருவிரலில் புண். தேன் குடிக்கக் குடிக்க விரல் கறுத்துக்கொண்டு போனது. விரல் போய்விடுமோ என்று அவளுக்கு நித்திரையே இல்லை. ஆனாலும் போத்தலை நிறுத்தவில்லை.

வெள்ளவத்தையில் அவள் வீட்டுக்குப் பக்கத்து உடுப்புக்கடைக்காரி பஸ்லாவால் பொறுக்க முடியவில்லை.

"நேசம் அக்கா, போய்ப் போய் வாற புண்ணெண்டா சீனி வருத்தமா ஈக்கும். ஒருக்கா ரத்தத்தக் குடுத்துப் பாருங்கோ."

"அவருக்குச் சீனியோ? தேத்தண்ணிக்கே சீனி போடமாட்டார்."

"அப்ப அந்தத் தேன்?"

"அது பிரசாதமெல்லோ, பஸ்லா."

பிரசாதம் ரத்தத்தில் இனிக்காது என்று எந்த டொக்டர் சொன்னாரோ!

பஸ்லா அழுக்கேறிய ஒரு சட்டையை எடுத்து நீட்டினாள். "சரி, எங்கட கடையில நிக்கிறவர்ர சட்டையையும் காட்டுங்கோ. நாள் முழுக்க நிண்டுகிட்டே ஈக்கிறாரு. தின்னவும் மாட்டாரு, பேசவும் மாட்டாரு."

"ஐயோ பாவம்!" நேசமலர் கண்கலங்கி வாங்கிக்கொண்டாள்.

சித்தர் அந்தச் சட்டையை மோந்தார். தள்ளாடினார்.

"தொண்ணூறு வீதம் படுத்திட்டுது! முதுகில கட்டி வந்து வந்து போகுது. இரவில சலம் போக எழும்பி எழும்பி நித்திரையில்லை. பொஞ்சாதி வழிக் கண்ணூறு. தேன் குடிக்காட்டி அமாவாசை தாண்டாது!"

நேசமலருக்குச் சுருக்கென்றது. அவள் கணவருக்கும் சொல்லுக்குச் சொல் இதையேதான் சொன்னார், அமாவாசை உட்பட.

அந்நேரம் படியில் சலசலப்பு. பின்னாலேயே ஓட்டோவில் வந்த பஸ்லா, நோயாளியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினாள். அவள் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பிளாஸ்டிக் பொம்மை! இடுப்பில் சாரம், மேலில் ஒன்றுமில்லை. இறக்கி வைத்தபோது ஒரு கை கழன்று விழுந்தது.

"சாமி, இவர்தான் அந்தச் சட்டைக்காரர். கட்டி எங்க ஈக்கெண்டு கொஞ்சம் காட்டுங்கோ."

சித்தர் அசரவில்லை. "பாத்தீங்களோ! படை முழுக்க ஓடினா மனுசன் இப்பிடித்தான் விறைச்சுப் போவான்!"

பாதிச் சனம் கையெடுத்துக் கும்பிட்டது. ஒருவர் பொம்மையின் காலிலேயே விழுந்தார். வெட்கக்கேடு!

நேசமலருக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. கழன்ற கையை எடுத்துச் சித்தரின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இந்தா, மோந்து சொல்லும், பொம்மையோ மனுசனோ? பொம்மை இரவில எழும்பிச் சலம் போகுமோ ஐயா? அங்க என்ர மனுசன்ர விரல் அழுகுது!"

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு மாடியே சிரித்தது. சித்தரின் ஆட்கள் பின்படியால் ஓடினார்கள். சித்தர் அவர்களுக்கு முன்னால் ஓடினார்.

அன்றே கனகசபாபதிக்கு ரத்தம் பார்த்தார்கள். சீனி எக்கச்சக்கம்.

"சீனி கூடினா உடம்பின்ர எதிர்ப்புச் சக்தி குறைஞ்சு போகும் அம்மா. அதுதான் புண் திரும்பத் திரும்ப வருது," என்றார் டொக்டர். "இதுக்கு மேல தேனும் குடுத்தனீங்களோ?"

நேசமலர் விக்கி விக்கி அழுதாள். விரலின் நுனி போயிற்று. மிச்சக் கால் தப்பியது.

பொம்மை திரும்பவும் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறது. போனகிழமை யாரோ அதற்கு மாலை போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தேன் குடிக்காமலே அமாவாசை தாண்டிய மகானாம்! பஸ்லா மாலையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள்.

பொம்மையின் தலைக்குள் ஒன்றுமில்லை. அது அதன் குற்றமா? செய்தவன் வைக்கவில்லை. உங்கள் தலைக்குள் இருக்கிறதே ஐயா, அதை எந்த அமாவாசைக்கு வெளியே எடுப்பதாக உத்தேசம்?