பூச்சிக்கு நெய்த பட்டு

படித்த பெண் செய்யும் முட்டாள்தனத்துக்கு யாராலும் ஈடு கொடுக்க முடியாது. நானே செய்து பார்த்திருக்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் சென்னையில் எம்.எஸ்ஸி. படித்தேன். சுற்றுச்சூழல் உயிரியல் அப்போது புதுப்பாடம். (எங்கள் தெருவில் அதை 'குட்டைப் படிப்பு' என்றார்கள்.) ஏரித் தண்ணீரில் மிதக்கும், கண்ணுக்குத் தெரியாத உயிர்களைப் பிடித்து எண்ணுவது என் ஆய்வு. அதற்கு வலை வேண்டும். துறையில் இருந்தது ஒரே வலை. வெளிநாட்டிலிருந்து வந்த மெல்லிய பட்டு வலை.

அதை அலசி வைக்கச் சொன்னார் பேராசிரியர். பச்சைத் தண்ணீர் போதும் என்றும் சொன்னார். "பட்டைப் பத்தி எனக்குத் தெரியாதா சார், நான் காஞ்சிபுரத்துக்காரி" என்று தறிச் சத்தம் ஓயாத பிள்ளையார்பாளையத்து வீட்டுக்கு எடுத்துவந்தேன். எங்கள் தெருவில் பட்டு நூலை வேகவைப்பதுபோல, சோடா உப்பும் சவுக்காரமும் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தேன். வெளியே வந்தது வலை அல்ல, கரித்துணி.

பேராசிரியர் திட்டவில்லை. ஆறு பேருடைய ஆய்வும் அந்த வலையை நம்பித்தான் இருக்கிறது, செய்முறைத் தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

அடுத்த முட்டாள்தனம் இன்னும் பெரிது. என் தம்பி தணிகாசலம் எட்டாவதோடு நிறுத்திவிட்டுத் தறியில் உட்கார்ந்தவன். தன் கையால் முதன்முதலாக நெய்த பட்டு அங்கவஸ்திரத்தைப் பெட்டியில் வைத்திருந்தான். அவனைக் கேட்காமல் அதை வெட்டி, கம்பி வளையத்தில் வைத்துத் தைத்து, பக்கத்திலிருக்கும் தாமல் ஏரிக்கு பஸ் ஏறினேன்.

ஏரி மதகுக்குக் கீழே, இடுப்பளவு கால்வாயில் இறங்கி வலையைப் பிடித்தேன். அவன் நெசவில் காற்றுக்கூடப் புகாது. தண்ணீர் எப்படிப் போகும்? வலை பூசணிக்காய் போல உப்பி என்னை இழுத்துக்கொண்டு கிளம்பியது. கயிற்றைக் கையில் சுற்றியிருந்ததால் விடவும் முடியவில்லை. நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் முன்னால் இரண்டு வயல் தூரம் மிதந்தேன். அவர்கள்தான் பிடித்துக் கரையேற்றினார்கள்.

"ஜரிகை போட்ட பட்டுல இன்னாமா புடிக்கிற?" என்றாள் ஒருத்தி.

கண்ணுக்குத் தெரியாத பூச்சி என்றேன்.

"கண்ணுக்கே தெரியலன்னா, புடிச்சியா இல்லியான்னு உனக்கு எப்டிமா தெரியும்?"

(இவ்வளவு நல்ல கேள்வியை எந்தத் தேர்விலும் என்னிடம் கேட்டதில்லை.)

சொட்டச் சொட்ட வீட்டுக்குப் போனேன். தம்பி அந்தத் துணியை வாங்கிப் பார்த்தான். வெட்டிய ஓரத்தைத் தடவினான். எனக்கு அழுகை வந்துவிட்டது. நடந்ததையெல்லாம் சொன்ன பிறகு, நான் வேகவைத்த அந்தக் கரித்துணியைக் கேட்டான். விரலால் நிமிண்டினான்.

"பட்டுல இருக்கிற பசைய எடுத்துட்டியேக்கா. பசை இருந்தாத்தான் இழை நவுராது. இதுல வேகாத துண்டு எதுனா வச்சிக்கினு இருக்கியா?"

கைப்பிடி ஓரத்தில் நல்ல துண்டு கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அதைப் பூதக்கண்ணாடியில் வைத்து இழை எண்ணினான். வேகவைக்காத பட்டெடுத்து இடைவெளி விட்டு நெய்தான். நெருக்கமாக நெய்து பழகிய கைக்கு அது பெரும் வேதனை. மூன்று முறை அறுத்தெறிந்தான். நான்காவது முறை கொசுவலையின் பேத்தி மாதிரி ஒரு துணி வந்தது.

தேர்வன்று வெளியூர்ப் பரீட்சகர் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தவர் நிமிரவே இல்லை. தம்பியின் வலையில் பிடித்த நீர்ப்பூச்சிகள், வயிற்றில் முட்டையோடு, திருவிழாக் கூட்டமாக நீந்திக்கொண்டிருந்தன. வலை எந்த நாட்டுக் கம்பெனி என்று கேட்டார்.

"பிள்ளையார்பாளையம், சார்."

ஆறு பேரும் தேறினோம். நான் முதல் வகுப்பு. பேராசிரியர் துறைக்கு இன்னும் ஆறு வலை நெய்துதரச் சொல்லித் தம்பிக்குக் கடிதம் எழுதினார். பிறகு வேறு கல்லூரிகளிலிருந்தும் கேட்டார்கள்.

நான் பேராசிரியராகி ஓய்வும் பெற்றுவிட்டேன். இன்றும் கல்யாண வீடுகளில் புதிய சம்பந்திகள் தம்பியிடம் என்ன நெய்கிறீர்கள் என்று கேட்டால், அவன் என்னைப் பார்த்துக்கொண்டே சொல்வான்:

"பொண்ணுங்களுக்குப் புடவ, பூச்சிங்களுக்கு வலை. பூச்சிங்க இதுவரைக்கும் ஒரு கொறை சொன்னதில்லபா."